சாவி விழுந்த இடம்: தொங்கு ரோலர் கோஸ்டர்களின் வேலிக்குள் நேர்ந்த மூன்று மரணங்கள்

2024 ஜூன் 19 அன்று, அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் சின்சினாட்டி நகருக்கு அருகே மேசனில் உள்ள கிங்ஸ் ஐலண்டு கேளிக்கைப் பூங்காவில், 38 வயதான ஒருவர் 'பேன்ஷீ' என்னும் ரோலர் கோஸ்டரில் சவாரி செய்தார். சவாரியின்போது அவருடைய சாவிகள் கீழே விழுந்துவிட்டன. அவற்றை எடுப்பதற்காக, பார்வையாளர்கள் நுழையக் கூடாது என்று வேலியிடப்பட்டிருந்த பகுதிக்குள் அவர் சென்றார். அப்போது அவ்வழியே இறங்கி வந்த வண்டி அவர்மீது மோதியது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அவர், சிகிச்சை பலனின்றி இறந்தார்.

அதே மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பும் இப்படி ஒன்று நடந்திருந்தது. ஈரி ஏரிக்கரையில் சான்டஸ்கி நகரில் உள்ள சீடர் பாயின்ட் பூங்காவில், 2015 ஆகஸ்ட் 13 அன்று, 'ராப்டர்' ரோலர் கோஸ்டரில் சவாரி செய்தபோது தவறவிட்ட கைப்பேசியைத் தேடி வேலிக்குள் நுழைந்த 45 வயதுக்காரர் வண்டி மோதி இறந்தார். அதற்கும் முன்பு, 2008 ஜூன் 28 அன்று, ஜார்ஜியா மாநிலத்தில் அட்லான்டாவுக்கு அருகே ஆஸ்டெலில் உள்ள சிக்ஸ் ஃபிளாக்ஸ் ஓவர் ஜார்ஜியா பூங்காவில், தேவாலயக் குழுவோடு சுற்றுலா வந்திருந்த 17 வயதுச் சிறுவன், ஆறடி உயரமுள்ள இரண்டு வேலிகளை ஏறிக் குதித்து, அபாயம் என்று எழுதியிருந்த பலகைகளைக் கடந்து சென்று, 'பேட்மேன்' ரோலர் கோஸ்டரின் வண்டி மோதி உயிரிழந்தான். அவன் ஏன் உள்ளே போனான் என்பது பற்றி அப்போது வந்த செய்திகள் ஒன்றுக்கொன்று முரண்பட்டன. விழுந்த தொப்பியை எடுக்கப் போனான் என்பது அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டில் ஒரு பூங்காவில் சில கோடைக்காலங்கள் சவாரி மேடையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இந்த மூன்று நிகழ்வுகளையும் பல முறை படித்திருக்கிறேன். பார்வையாளர் விதியை மீறினார் என்ற முடிவோடு ஒவ்வொன்றையும் மூடிவிடலாம். அந்த முடிவில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த சாவி விழும்போது மேடையில் நிற்கும் ஊழியர் என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி நாம் எதையும் கற்றுக்கொண்டிருக்க மாட்டோம். இந்த ஆய்வு அந்த ஊழியரின் இடத்திலிருந்து எழுதப்படுகிறது.

தண்டவாளத்துக்குக் கீழே

மூன்று நிகழ்வுகளுக்கும் பொதுவான தொழில்நுட்பக் கூறு ஒன்று உண்டு. அதைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. பேன்ஷீ, ராப்டர், பேட்மேன் ஆகிய மூன்றும் 'இன்வெர்டட்' எனப்படும் தொங்கு வகையைச் சேர்ந்தவை; மூன்றையும் உருவாக்கியது சுவிட்சர்லாந்தின் போலிகர் அண்ட் மாபிலார்ட் நிறுவனம். இந்த வகையின் முதல் சவாரி, 1992இல் சிகாகோவுக்கு அருகே கர்னியில் திறக்கப்பட்ட பேட்மேன். ஜார்ஜியாவில் 1997இல் வந்தது அதே வடிவமைப்பின் இன்னொரு பிரதி.

வழக்கமான ரோலர் கோஸ்டரில் வண்டி தண்டவாளத்தின்மேல் ஓடுகிறது. இங்கே தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கிறது. இருக்கைகள் அதிலிருந்து கீழே தொங்குகின்றன. பயணியின் கால்களுக்கு அடியில் தரையும் இல்லை, பலகையும் இல்லை. அந்த வெறுமைதான் இந்தச் சவாரியின் இன்பம். ஆனால் வேலிக்குள் நிற்பவருக்கு இதன் பொருள் முற்றிலும் வேறு. கீழே நின்று பார்ப்பவரின் கண் தண்டவாளத்தை அளவாக எடுத்துக்கொள்கிறது. அது தலைக்கு வெகு மேலே செல்வதைக் கண்டு, வண்டியும் அந்த உயரத்திலேயே போகும் என்று மனம் கணக்குப் போடுகிறது. இருக்கையும் அதற்குக் கீழே நீண்டு தொங்கும் கால்களும் அந்தக் கணக்கில் வருவதில்லை. சவாரி தரைக்கு மிக அருகே வருவது செங்குத்தான இறக்கத்தின் அடியிலும் சுழல்களின் அடியிலும்தான். வண்டி தன் உச்ச வேகத்தை எட்டுவதும் அந்த இடங்களை ஒட்டியே.

வேகத்தைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஜார்ஜியாவின் பேட்மேன் ஏறத்தாழ 32 மீட்டர் உயரமும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகமும் கொண்டது. ராப்டர் 42 மீட்டர் உயரம், 92 கிலோமீட்டர் வேகம். 2014இல் திறக்கப்பட்ட பேன்ஷீ 51 மீட்டர் உயரம், 109 கிலோமீட்டர் வேகம். அதாவது உச்ச வேகத்தில் நொடிக்கு 30 மீட்டர். வேலியிலிருந்து பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் பொருளை நோக்கி ஒருவர் இயல்பாக நடந்தால் ஏழெட்டு நொடிகள் ஆகும். அவர் நடக்கத் தொடங்கும்போது கண்ணிலேயே படாத வண்டி, அவர் குனியும் நேரத்தில் அவருக்கு மேலே வந்துவிடலாம்.

வண்டிகளுக்கு இடையே உள்ள நேர இடைவெளியும் ஏமாற்றும். ராப்டர் மணிக்கு 1,800 பேர் வரை ஏற்றிச் செல்லும் திறன் கொண்டது; ஒரு வண்டியில் 32 பேர். முழுத் திறனில் இயங்கும் நாளில் ஏறக்குறைய ஒவ்வொரு 64 நொடிக்கும் ஒரு வண்டி புறப்படுகிறது என்று பொருள். ஒரு வண்டி இரைச்சலோடு கடந்து போனதும் அந்தப் புல்வெளி ஒரு தோட்டத்தைப் போல அமைதியாகிவிடுகிறது. அடுத்த வண்டி அந்நேரம் தன்னை உச்சிக்கு இழுத்துச் செல்லும் சங்கிலியில் மெல்ல ஏறிக்கொண்டிருக்கும். தரையைப் பார்த்துத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அந்த அமைதி, தனக்குக் கிடைத்த அவகாசமாகத் தோன்றுகிறது.

பொத்தானை அழுத்தினாலும்

பார்வையாளர்கள் பலரும், சில புதிய ஊழியர்களும்கூட, ஆழமாக நம்பும் ஒன்றை இங்கே திருத்த வேண்டும். கட்டுப்பாட்டு மேசையில் சிவப்பாக ஓர் அவசர நிறுத்தப் பொத்தான் இருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். யாராவது வேலிக்குள் போய்விட்டால் அதை அழுத்தி வண்டியை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறார்கள். இந்த வகைச் சவாரியில் வண்டிக்குள் எஞ்சினும் இல்லை, பிரேக்கும் இல்லை. சங்கிலி அதை உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிடுகிறது. அதன் பிறகு ஈர்ப்பு விசைதான் ஓட்டுநர். பிரேக்குகள் பாதையில் குறிப்பிட்ட சில இடங்களில் மட்டுமே பொருத்தப்பட்டுள்ளன. பொத்தானை அழுத்தினால் சங்கிலியில் ஏறிக்கொண்டிருக்கும் வண்டி நிற்கும், மேடையில் உள்ள வண்டி புறப்படாது, பிரேக் பகுதிக்கு வந்து சேரும் வண்டி அங்கே பிடிக்கப்படும். உச்சியைத் தாண்டிவிட்ட வண்டியோ அடுத்த பிரேக் வரும்வரை ஓடியே தீரும். மேசையில் இருப்பவர் எவ்வளவு விழிப்பாக இருந்தாலும், எவ்வளவு விரைவாகக் கையை நீட்டினாலும், அந்த வண்டி அவருடைய ஆளுகைக்குள் இல்லை.

அதனால்தான் வேலியைக் கடைசித் தடுப்பு என்கிறேன். அதன் உயரத்தைக் கூட்டினால் போதும் என்ற வாதத்தையும் இந்த நிகழ்வுகளே மறுக்கின்றன. சவாரி வடிவமைப்புக்கு அமெரிக்காவில் பின்பற்றப்படும் ஏஎஸ்டிஎம் எஃப்2291 தரம் வேலிக்குக் கேட்கும் குறைந்த அளவு உயரம் 42 அங்குலம்தான். ஜார்ஜியாவில் இருந்தவை ஆறடி வேலிகள். அவையும் ஒன்றல்ல, இரண்டு. அந்தச் சிறுவன் இரண்டையும் தாண்டினான்.

எச்சரிக்கைப் பலகையைப் பற்றியும் ஒரு சொல். 'உள்ளே நுழையாதீர்கள்' என்பது தடையைச் சொல்கிறதே தவிர, காரணத்தைச் சொல்வதில்லை. சற்று முன்பு அதே சவாரியில் சிரித்துக்கொண்டு போய்வந்த மனிதருக்கு, அது பூங்காக்காரர்கள் தங்கள் சொத்தைக் காக்க வைத்த பலகை போலத் தோன்றலாம். 'வண்டி இங்கே தரையிலிருந்து இவ்வளவு உயரத்தில், இவ்வளவு வேகத்தில் வரும். இதை நிறுத்த முடியாது' என்று ஒரு படத்தோடு சொல்லும் பலகை கூடுதல் பயன் தரும் என்பது என் கருத்து.

ஊழியருக்கும் இதே விதி

ஜார்ஜியாவின் அதே சவாரியில், 2008க்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 2002 மே மாதத்தில் இறந்தவர் பார்வையாளர் அல்லர். பூங்காவின் 58 வயது ஊழியர். தடைசெய்யப்பட்ட பகுதிக்குள் அவர் இருந்தபோது, முன்னிருக்கையில் தொங்கிக்கொண்டிருந்த 14 வயதுச் சிறுமியின் கால் அவர் தலையில் மோதியது. அவர் இறந்தார்; அந்தச் சிறுமி காலில் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாள்.

வேலிக்குள் ஒருவர் நுழைவதை அவருடைய சொந்த உயிரைப் பற்றிய முடிவாக மட்டும் பார்ப்பவர்கள் இந்த நிகழ்வைப் படிக்க வேண்டும். வண்டியில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்திருந்த ஒரு குழந்தை, தான் எந்தத் தவறும் செய்யாமல், ஒரு மனிதரின் மரணத்தில் பங்காளியாக்கப்பட்டாள். காயம் ஆறிய பிறகும் அவளோடு இருந்திருக்கக் கூடியதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கிறது.

ஊழியர்களுக்கு இதில் இன்னொரு படிப்பினை உண்டு. தினமும் பார்க்கிற இடம் என்பதாலேயே ஆபத்து கண்ணிலிருந்து மறைந்துவிடும். அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்கு 1989இல் வெளியிடப்பட்ட பூட்டுதல் விதி எளிமையானது: இயந்திரத்துக்குள் போகிறவர் அதன் மின்சாரத்தைத் துண்டித்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொள்ள வேண்டும், அவர் வெளியே வந்து பூட்டைத் திறக்கும்வரை வேறு யாராலும் இயந்திரத்தை இயக்க முடியாது. 'மேலே சொல்லிவிட்டுத்தான் போகிறேன்' என்பது பூட்டு ஆகாது. ஒரு தொப்பிக்காக ஓர் ஊழியர் இப்படிச் சொல்லிவிட்டு உள்ளே போவதைப் பார்வையாளர் ஒருவர் பார்த்துவிட்டால், அந்த வேலி அவருக்கும் திறந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

மேடையில் நடப்பது

விதிமீறல் வேலியருகே தொடங்குவதில்லை என்பதே இந்த ஆய்வில் நான் வலியுறுத்த விரும்புவது. அது மேடையில், பயணி ஏறும்போது அவருடைய சட்டைப்பையில் இருக்கும் பொருளிலிருந்து தொடங்குகிறது.

எங்கள் சவாரி இந்த மூன்றையும்விட மிகச் சிறியது. ஆனாலும் வந்தவர்கள் கொண்டுவந்த பொருள்கள் அதே வகைதான். செருப்பு, கண்ணாடி, துப்பட்டா, கைப்பேசி, பைக் சாவி. 'பையில் உள்ளதை எடுத்து வெச்சுடுங்க சார்' என்றால், பெரும்பாலோர் சட்டைப்பையை ஒரு தட்டு தட்டிவிட்டு, 'அதெல்லாம் விழாதுங்க' என்பார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. தலைகீழாகத் தொங்கும்போது பை என்ன ஆகும் என்பதை உடம்பு முன்பு அறிந்ததில்லை, அவ்வளவுதான். இன்னொரு காரணமும் உண்டு: கைப்பேசியை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மேடையில் நம்பத்தக்க விடை இல்லாவிட்டால், அவர் தன் சட்டைப்பையைத்தான் நம்புவார்.

இறங்கிய பிறகு நடப்பது இதைவிட முக்கியமானது. பொருளைத் தவறவிட்டவர் நேராக வேலிக்குப் போவதில்லை. முதலில் எங்களிடம்தான் வருவார். 'அண்ணா, அதோ தெரியுதே, ரெண்டு நிமிஷத்துல எடுத்துட்டு வந்துடறேன்' என்பார். அந்த நேரத்தில் பின்னால் நூறு பேர் வரிசையில் நிற்பார்கள். அடுத்த வண்டியை அனுப்பும் பொறுப்பு கையில் இருக்கும். 'அங்கே போகக் கூடாது, ராத்திரி மூடும்போது வந்து கேளுங்க' என்று ஓர் ஊழியர் சொன்னால் அவர் சொன்னது விதிப்படி முழுக்கச் சரி. ஆனால் கேட்டவர் கையில் என்ன கிடைத்தது? ஒரு மறுப்பும், எப்போது என்று தெரியாத ஒரு காத்திருப்பும். பொருளோ கண்ணெதிரே கிடக்கிறது. அவர் திரும்பி நடக்கும்போது எங்கே நடக்கிறார் என்பதைப் பார்க்க மேடையில் யாருக்கும் நேரம் இல்லை.

இந்த இடத்தில்தான் என் மூத்த சக ஊழியர் ஒருவரிடமிருந்து நான் கற்ற பழக்கம் உதவியது. அவர் மறுப்பை முதலில் சொல்ல மாட்டார். 'எந்த வரிசையில உட்கார்ந்திருந்தீங்க? எந்தப் பக்கம் விழுந்துச்சு?' என்று கேட்டு, அவர் முன்னாலேயே நோட்டில் எழுதி, பெயரையும் தொலைபேசி எண்ணையும் வாங்கி, 'ஆறரைக்கு வண்டியை நிறுத்துவோம், நானே உள்ளே போய் எடுத்துட்டு உங்களுக்கு போன் பண்றேன். வண்டி ஓடும்போது நானும் உள்ளே போக மாட்டேன்' என்பார். கடைசி வாக்கியம்தான் பெரும்பாலானோரை அமைதிப்படுத்தியது. ஊழியரே போகாத இடம் என்று தெரிந்ததும், தடை தன்னை அவமதிப்பதற்காக வைக்கப்பட்டதல்ல என்பது அவர்களுக்குப் புரிந்தது. குரலை உயர்த்தி விதியைச் சொன்ன நாட்களில் எனக்கு அந்தப் பலன் கிடைத்ததில்லை.

பொருள் விழாமல் தடுப்பது

மேல்நாட்டுப் பூங்காக்கள் சில இப்போது விதியைச் சொல்வதைவிட, மீற வாய்ப்பில்லாமல் செய்வதில் பணம் செலவழிக்கின்றன. ஃபிளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் உள்ள ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர் பூங்கா இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 1999இல் திறக்கப்பட்ட இரட்டைத் தொங்கு ரோலர் கோஸ்டரில் இரு வண்டிகள் ஒன்றையொன்று உரசுவதுபோல எதிரெதிரே கடந்து சென்றன. அதுவே அதன் புகழுக்குக் காரணமாக இருந்தது. 2011 கோடையில் பறந்து வந்த பொருள் பட்டுப் பயணிகள் காயமடைந்தார்கள். ஒருவர் ஒரு கண்ணை இழந்தார். அந்த ஆண்டு அக்டோபரில் இரு வண்டிகளையும் ஒரே நேரத்தில் எதிரெதிரே அனுப்பும் வழக்கத்தைப் பூங்கா நிரந்தரமாக நிறுத்தியது. யாரோ ஒருவர் பையில் விட்டுவந்த சிறு பொருள், முன்பின் அறியாத இன்னொருவரின் பார்வையைப் பறித்திருக்க வேண்டும்.

2021இல் அதே பூங்காவில் திறக்கப்பட்ட வெலோசிகோஸ்டர் என்னும் ரோலர் கோஸ்டரில், ஏறும் இடத்துக்குச் சற்று முன்பு இருபுறமும் திறக்கும் பெட்டகங்கள் வைக்கப்பட்டன. பயணி ஒரு பக்கம் பொருளை வைத்துவிட்டு ஏறுகிறார். இறங்கி வரும்போது மறுபக்கம் திறந்து எடுத்துக்கொள்கிறார். உலோகம் கண்டறியும் வாயிலையும் கடந்தே போக வேண்டும். ஊழியர் யாரோடும் வாதாட வேண்டியதில்லை, பயணியும் தன் கைப்பேசியை முன்பின் தெரியாதவரிடம் ஒப்படைத்துவிட்டுக் கவலைப்பட வேண்டியதில்லை. விதியும் வசதியும் இங்கே ஒரே திசையில் இருக்கின்றன. இதற்கு ஆகும் செலவு எல்லாப் பூங்காக்களாலும் தாங்கக்கூடியதல்ல என்பதை நான் அறிவேன். ஆனால் ஜிப் வைத்த ஒரு பையை இருக்கையோடு தைத்துக் கொடுப்பதற்கும், மேடையின் மறுபுறம் எண் போட்ட கூடைகள் வைப்பதற்கும் பெரும் முதலீடு வேண்டாம்.

சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒஹாயோ, நியூ ஜெர்சி உட்படப் பல அமெரிக்க மாநிலங்களில், சவாரியின் எழுத்து விதிகளையும் ஊழியரின் சொல்லையும் பின்பற்றும் கடமை பயணிக்கு உண்டு என்று சட்டமே சொல்கிறது. அது தேவையான சட்டம். மேடையில் நிற்கும் பத்தொன்பது வயது மாணவரின் சொல்லுக்கு அது ஒரு பலம். ஆயினும் மகிழ்ச்சியாக ஒரு நாளைக் கழிக்க வந்து, வீட்டுக்குப் போகும் சாவியைத் தொலைத்து நிற்பவர் சட்டப் பிரிவை எண்ணிப் பார்த்து முடிவெடுப்பதில்லை.

சாவிக்காக வண்டியை நிறுத்தலாமா

தொப்பியும் சாவியும் ஒன்றல்ல என்பதை விதிப் புத்தகங்கள் பிரித்துப் பார்ப்பதில்லை. தொப்பிக்கு இரவுவரை காத்திருக்கலாம். கார்ச் சாவி இல்லாதவர், குழந்தைகளோடு நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து வந்தவராக இருந்தால், அவருடைய நாளே அந்தப் புல்வெளியில் கிடக்கிறது. மூச்சிரைப்பு நோயாளியின் மருந்துக் குழலும், வெளிநாட்டிலிருந்து வந்தவரின் பாஸ்போர்ட்டும் அப்படியே. இவற்றைத் தவறவிட்டவர்தான் வேலியை மிகுந்த ஏக்கத்தோடு பார்ப்பவர். ஆகவே, இந்தப் பொருள்களுக்கு மட்டும் சவாரியை நிறுத்தி எடுத்துத் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

மேலாளர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பையும் நான் கேட்டிருக்கிறேன். ராப்டர் அளவுள்ள சவாரியைக் கால் மணி நேரம் நிறுத்தினால், முழுத் திறனில் 450 பேரின் சவாரி தள்ளிப்போகிறது. ஒருவருக்குச் செய்தால் எல்லோரும் கேட்பார்கள். எல்லோரும் கேட்கத்தான் செய்வார்கள். அதற்காகத்தான் எவையெவை அவசரப் பொருள்கள் என்பதை முன்கூட்டியே எழுதி, வரிசையின் நுழைவாயிலிலேயே ஒட்டிவைக்க வேண்டும். மேடை ஊழியர் தன் இரக்கத்தையோ கண்டிப்பையோ நம்பி முடிவெடுக்க வேண்டிய நிலை இருக்கக் கூடாது. காத்திருக்கும் கூட்டத்துக்கும் ஒலிபெருக்கியில் காரணத்தைச் சொல்லலாம்: ஒருவரின் கார்ச் சாவி விழுந்துவிட்டது, எடுத்துத் தரப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். நான் பார்த்தவரை, காரணம் சொல்லப்பட்ட கூட்டம் முணுமுணுத்தாலும் பொறுத்துக்கொள்கிறது. அதைக் கேட்கும் முதல் வரிசைக்காரர் தன் பையைத் தொட்டுப் பார்த்து, சாவியை எடுத்துப் பெட்டகத்தில் வைக்கப் போவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நிறுத்தும் முறை இப்படி இருக்க வேண்டும்: சங்கிலியில் உள்ள வண்டி உச்சியைக் கடந்து, பாதையைச் சுற்றி, மேடைக்கு வந்து சேர வேண்டும், எல்லா வண்டிகளும் மேடையிலோ பிரேக் பகுதியிலோ நிற்பதை இருவர் தனித்தனியே எண்ணிப் பார்க்க வேண்டும், மின்சாரம் துண்டிக்கப்பட்டு, உள்ளே போகும் ஊழியரின் பூட்டு போடப்பட வேண்டும், அதன் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, சாவியைத் தொலைத்தவரை வேலிக்கு வெளியே நிற்கவைத்துவிட்டு, அவர் கண் எதிரே உள்ளே போய் எடுத்து வர வேண்டும்.